நான்கு ஆள் நாற்காலி

செல்லதுரை வீட்டைவிட்டுக் கிளம்பினால் அது ஊர்வலம்தான். முதலில் சேவியரின் மீசை குறுகலான இடவழியின் முனையில் திரும்பும். மீசை முழுவதும் திரும்பி முடிந்த பிறகு சேவியர் திரும்புவார். அவர் தோளிலும் இசக்கிமுத்துவின் தோளிலும் இரண்டு மூங்கில் கழிகளின் முன்னுனிகள் இருக்கும். பின்னுனிகளைச் சுமந்து இன்னும் இரண்டு நீலச் சட்டைகள் வரும். நடுவில் கழிகளோடு சேர்த்துக் கட்டிய கைவைத்த தேக்கு நாற்காலி. அதன்மேல், தரையிலிருந்து ஐந்தடி உயரத்தில், குடையைப் பிடித்துக்கொண்டு செல்லதுரை.

அந்த நாற்காலி கொச்சியின் பழைய யூதர் தெருவான ஜூ டவுனில் பழம்பொருள் விற்கும் ஒருவர் கொடுத்தது. முந்நூறு வருஷத்து டச்சு நாற்காலி என்று அவர் தலையில் அடித்துச் சத்தியம் செய்தார். அடியில் பெரும்பாவூர் தச்சுப் பட்டறையின் முத்திரை மை காயாமல் இருந்தது. ஆனாலும் அதில் உட்கார்ந்து போகிறவனுக்கு ஒரு களை வந்துவிடும். சுற்றுலாக் கூட்டங்கள் நின்று படம் எடுக்கும். வழிகாட்டி ஒருவன், கொச்சி ராஜ வம்சத்தின் கடைசி இளவரசர் இவர் என்று மூச்சுவிடாமல் சொல்லிவைக்க, வெள்ளைக்காரி ஒருத்தி செல்லதுரையின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டே போனாள்.

அவள் தொட்டது செல்லதுரைக்குத் தெரியாது. எட்டு வருஷத்துக்கு முன்னால், லாரியின் உச்சி அடுக்கிலிருந்து மிளகு மூட்டைகள் சரிந்து முதுகில் விழுந்ததிலிருந்து இடுப்புக்குக் கீழே அவருக்கு எதுவும் தெரியாது. அதற்கு முன் இருபத்தாறு வருஷம் மிளகும் சுக்கும் விற்கிற கடைவீதியில் நீலச் சட்டை போட்டு மூட்டை தூக்கும் சுமட்டுக்காரராக இருந்தவர். ஒரு மூட்டை தலையில், ஒரு மூட்டை கக்கத்தில், வாயில் பீடி, இதற்கு மேல் ஆள் யாராவது மாடியில் ஏற்றிவிடச் சொன்னால் அவரையும் தூக்கிக்கொண்டு போகிற ஜாதி.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நின்று அன்றைக்குச் சுமட்டுக் கூட்டம் சத்தியம் செய்தது. தலைவர் சேவியர்தான் பேசினார். முப்பது வருஷம் தென்காசிக்காரர்களோடும் திருநெல்வேலிக்காரர்களோடும் மூட்டை தூக்கியதில் அவர் பேச்சு எந்த மாநிலத்துக்கும் சொந்தமில்லாமல் போயிருந்தது.

"எடா துரே, பயப்பெடண்டா. உனக்கு ரெண்டு கால் போச்சு. ஞங்ஙள் நாலு பேர். இனி உனக்கு எட்டுக் கால்."

சத்தியத்தை அட்சரம் பிசகாமல் காப்பாற்றினார்கள். அதுதான் தொல்லை.

சாயங்காலம் நாலரை மணிக்கு வருவார்கள். தூக்குவார்கள். யூசுப்பின் சாயாக்கடையில் இறக்குவார்கள். ஏழு மணிக்குத் திரும்பத் தூக்கி வீட்டில் இறக்குவார்கள். மழை பெய்தாலும், கட்சி ஹர்த்தால் நடத்தினாலும், சேவியரின் மகளுக்கே கல்யாணம் நடந்தாலும் இது நிற்கவில்லை. கல்யாணத்தன்று மாப்பிள்ளை மாதா கோவில் வாசலில் காத்து நிற்க, பெண்ணின் அப்பா பட்டு வேட்டியோடு செல்லதுரையைத் தூக்கிக்கொண்டு வந்ததை ஊரே பார்த்தது.

ஒருதடவை செல்லதுரைக்குத் தன் பெண்சாதி முப்பிடாதியோடு சினிமாவுக்குப் போக ஆசை வந்தது. போனார்கள். அந்தப் பக்கம் இரண்டு பேர், இந்தப் பக்கம் இரண்டு பேர், நடுவில் புருஷனும் பெண்சாதியும். கதாநாயகி சாகிற இடத்தில் முப்பிடாதி முந்தானையை எடுப்பதற்குள் நான்கு நீலச் சட்டைகளும் ஓவென்று அழுது, முன்வரிசைக்காரர்கள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள். திரும்பும்போது இசக்கிமுத்துவின் மூக்குச்சளி செல்லதுரையின் வேட்டி முழுக்க.

"இனிமே படத்துக்குன்னு சொன்னீரு," என்று முப்பிடாதி அன்று ராத்திரி சொன்னாள், "நான் கெணத்துல விழுந்திருவேன். அதுக்கும் நாலு பேரும் கூட வந்து விழுவானுவ."

முப்பிடாதி சுக்குக் கிடங்கில் சுக்குப் பொறுக்குகிறவள். காலை எட்டிலிருந்து நாலு வரை சாக்கை விரித்து உட்கார்ந்து, பூச்சி அரித்ததை ஒரு பக்கமும் நல்லதை ஒரு பக்கமும் பிரித்துப் போடுவாள். அவள் சேலையை உதறினால் பக்கத்து வீட்டு விசாலாக்ஷிக்கு ஒரு வாரத்துச் சளி இறங்கிவிடும்.

நகரசபை போன வருஷம் செல்லதுரைக்குச் சக்கர நாற்காலி கொடுத்தது. நல்ல நாற்காலி, மினுமினுவென்று. ஆனால் வீட்டுக்கும் சாலைக்கும் நடுவே இடவழி கிடந்தது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் காயல் தண்ணீர் ஏறி உள்ளே வருகிற இடம் என்பதால் வீட்டை மூன்று கல்படி உயரத்தில் கட்டியிருந்தார்கள். இறங்கினால் சாக்கடையை மூடிய பதினொரு சிலாப்புகள். தண்ணீர் ஏறி ஏறி அடிமண் போனதில் அதில் நாலு சிலாப்பு குழந்தைகள் ஏறி விளையாடும் சீஸா மாதிரி ஆடும். கடைசியில் சாலைக்கு ஏற இன்னும் இரண்டு படி. ஆக, சக்கர நாற்காலி வந்த நாளிலிருந்து வீட்டுக்குள்ளேயே நின்றது. முப்பிடாதி அதன் ஒரு கையில் பாவாடையையும் மறு கையில் ஜாக்கெட்டையும் உலர்த்தினாள். மழைக்காலத்தில் அதைவிட உபயோகமான சாமான் அந்த வீட்டில் இல்லை.

இப்படியே போயிருக்கும். யூசுப்தான் கெடுத்தார்.

"துரையண்ணே, நம்ம போட் ஜெட்டில வாட்டர் மெட்ரோ பாத்தீங்களா?" என்று ஒருநாள் பழம்பொரியை எண்ணெயிலிருந்து எடுத்துக்கொண்டே கேட்டார். "பாக்கலைன்னா போய்ப் பாருங்க. தண்ணி ஏறுனா படகும் ஏறுது, நிக்கற தளமும் சேந்து ஏறுது. ரெண்டும் ஒரே மட்டம். நேத்து ஒரு அம்மா சக்கர நாக்காலில வந்துச்சு. உருட்டுனாங்க. அப்படியே உள்ள போயிருச்சு. ஒருத்தன் கை வெக்கல."

"ஒருத்தன் கூடவா?"

"ஒருத்தன் கூட. ஹைகோர்ட் பக்கம் எறங்கி, அங்கேருந்து எங்க வேணாப் போகலாம். எல்லா எடத்துலயும் சரிவு கட்டி வெச்சிருக்கான்."

செல்லதுரையின் வாயில் பழம்பொரி அப்படியே நின்றது. ஜெட்டி அந்த வீட்டிலிருந்து இருநூறு தப்படி. எறணாகுளம் முழுவதும் அவருக்காகத் திறந்து கிடக்கிறது. திறக்காமல் கிடப்பது இந்த இருநூறு தப்படிதான். பெண்சாதியோடு, நான்கு பேர் இல்லாமல், ஒரு படகு. கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் அவளைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போன ஒரே இடம் ரேஷன் கடை.

வீட்டில் சொன்னார். முப்பிடாதி கப்பைக் கிழங்கை மத்தி மீன் குழம்பில் பிசைந்துகொண்டிருந்தவள் நிமிரவில்லை.

"நாம ரெண்டு பேரு மட்டுமா?"

"ரெண்டு பேரு மட்டும்."

"எந்தச் சேல கெட்டட்டும்?" என்றாள்.

அடுத்த வாரமே ஷபானா வந்தாள். அதே வார்டில் பிறந்த பெண். வீட்டில் தமிழ், எழுதப் படிக்க மலையாளம். நகரசபை நடத்தும் பின்னசேஷிக்காரர்களின், அதாவது மாற்றுத்திறனாளிகளின், வார்டு சபைக்கு முன்னோடியாக வீடு வீடாகப் போய், உடல் குறைபாடு உள்ள ஒவ்வொருவருக்கும் என்ன வேண்டும் என்று எழுதிக்கொண்டு போனாள். சாய்தளம், கைப்பிடி, கழிப்பறை, நடைபாதை, இப்படிக் கட்டம் கட்டமாக ஒரு தாள். அந்தக் கட்டத்தில் விழும் குறியை வைத்துத்தான் அந்த வருஷத்து வேலைப் பட்டியல். விட்டால் அடுத்த வருஷம்.

அவள் வந்த நேரத்தில் செல்லதுரை சாயாக்கடையில் இருந்தார். சுற்றிலும் நீலச் சட்டைகள். வாயில், பாவம், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த சுகியன்.

"மாமா, வெளிய போக வர கஷ்டம் உண்டா?" என்று ஷபானா கேட்டாள்.

"என்ன கஷ்டம்?" என்றார் சேவியர். "ஞங்ஙள் செத்துப் போயோ?"

"வீட்டு முன்னால சரிவு கட்டித் தரணுமா?"

"எதுக்கு? மோளே, எழுதிக்கோ. வேண்டா."

"எடவழி சிலாப்பு ஆடுதே, அது..."

"சிலாப்பு ஆடும். ஞங்ஙள் ஆட மாட்டோம். இசக்கீ, நீ ஆடுவியோ?"

"ஞாயித்துக்கெழம மட்டும்," என்றான் இசக்கிமுத்து.

கடை சிரித்தது. ஷபானா செல்லதுரையைப் பார்த்தாள். செல்லதுரை சுகியனை விழுங்கப் பார்த்தார். அது கொதிக்கிற எரிமலையாக அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நகர மறுத்தது. கண்ணில் தண்ணீர் வந்தது. நன்றிக் கண்ணீர் என்று சேவியர் முதுகில் தட்டினார். ஷபானா தயங்கித் தயங்கி ஒவ்வொரு கட்டத்திலும் 'தேவையில்லை' என்று குறித்துக்கொண்டு போனாள்.

சுகியனைச் சொல்லிப் பயனில்லை. அது ஆறிய பிறகும் செல்லதுரை வாயைத் திறக்கவில்லை. எட்டு வருஷமாகத் தூக்குகிறவர்களை எப்படி வேண்டாம் என்பது?

முப்பிடாதி கேள்விப்பட்டு, சாமான்களைத் துலக்கிய சத்தத்தில் காயலில் மீன் கலைந்தது.

"வாயில கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"சுகியன்."

"நல்ல பதிலு. உமக்கு வேண்டியத அவன் சொல்லுதான், உமக்கு வேண்டாததயும் அவன் சொல்லுதான். அப்பம் நீரு எதுக்கு? மூட்டதான?"

"அப்படிச் சொல்லாத பிள்ள. அவனுவ பாசத்துல..."

"பாசம். மொளகுக் கெடங்குல வெச்சுப் பூட்டுனானுவளே, அதுவும் பாசந்தானா?"

செல்லதுரை திடுக்கிட்டார். "அது உனக்கு எப்படித் தெரியும்?"

"மூணு நாளு தும்முனீரு. நான் சுக்குல கெடக்கவ. எது சளித் தும்மலு, எது மொளகுத் தும்மலுன்னு எனக்குத் தெரியாதா?"

நடந்தது இதுதான். வைகாசியில் இடவ மழை பிடித்த வெள்ளிக்கிழமை. பகல் பதினொன்றரைக்கு மிளகு வியாபாரி நைனா முகம்மதுவின் கிடங்கில் சமையல்காரன் பிரியாணி வைத்திருந்தான் என்று செல்லதுரையையும் தூக்கிக்கொண்டு போனார்கள். சாப்பிட்டு முடிப்பதற்குள் அடுத்த கிடங்குக்கு லாரி வந்துவிட்டது. நனைய வேண்டாம் என்று செல்லதுரையை மிளகு அடுக்குகளுக்கு நடுவே இறக்கிவைத்து, அவருடைய போனும் நனைய வேண்டாம் என்று சேவியர் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, ஓடினார்கள். சரக்கு இறங்கி முடிந்தது. முன்கழிக்காரர்கள் பின்கழிக்காரர்கள் கொண்டுபோய் விட்டிருப்பார்கள் என்று நினைத்தார்கள்; பின்கழிக்காரர்கள் முன்கழிக்காரர்களை நினைத்தார்கள். காவல்காரன் ஷட்டரை இழுத்துவிட்டு ஜும்மாவுக்குப் போய்விட்டான். பன்னிரண்டிலிருந்து மூன்று வரை, எழுநூறு மூட்டை மிளகுக்கு நடுவில் செல்லதுரை. நானூற்றுப் பதினொரு தும்மல் வரை எண்ணினார். கத்திப் பார்த்தார், மழைச் சத்தம். பிறகு வேட்டி நனைந்துவிட்டது. அதற்கு மேல் அவர் எண்ணவில்லை.

திறந்தது நைனா முகம்மதுதான். கோலத்தைப் பார்த்து நெஞ்சில் கைவைத்தார். "சேவியர்கிட்ட சொல்லிராதீங்க முதலாளி," என்று செல்லதுரை அவர் கையைப் பிடித்தார். "தெரிஞ்சா செத்துருவான்." அவரும் நல்ல மனிதர், ஒரு வேட்டி வரவழைத்துக் கொடுத்து, துரை இங்கே என்னோடு பேசிக்கொண்டிருக்கிறான், வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று போன் போட்டார். சேவியர் வந்து, "முதலாளிமாரோட மூணு மணிக்கூர் பேச்சும் வர்த்தமானமுமா உனக்கு?" என்று செல்லதுரையைத் திட்டினார்.

"அத அவன்கிட்ட சொல்லும்," என்றாள் முப்பிடாதி.

"மாட்டேன்."

"அப்பம் நான் சேல எடுக்கல. வாட்டர் மெட்ரோவுக்கு அந்த நாலு பேரையே கெட்டிக்கிட்டுப் போரும்."

மறுநாள் அவளே ஷபானாவைப் பிடித்தாள். குறியை மாற்றித் தரச் சொன்னாள்.

"நான் மாத்த முடியாது மாமி," என்றாள் ஷபானா. "ஆனா ஒண்ணு. சனிக்கெழம சபை. அங்க மாமா தன் வாயால சொன்னா மாத்தித்தான் ஆகணும். வேற யாரு சொன்னாலும் எழுத மாட்டாங்க. நீங்க சொன்னாலும்தான்."

"நான் சொன்னாலுமா?"

"கவுன்சிலர் அக்காவோட சட்டம் அது."

முப்பிடாதி சொல்லி நடக்காத காரியம் ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

சனிக்கிழமை. சபைக்குப் போக வேண்டும் என்றதும் சேவியர் குதூகலமாகிவிட்டார். நீலச் சட்டையை இஸ்திரி போட்டார். மூங்கில் கழிகளுக்கு எண்ணெய் தேய்த்தார். மீசைக்கும் அதே எண்ணெய். தமக்கு எதிராகச் சாட்சி சொல்லப் போகிறவரைத் தாமே தோளில் தூக்கிக்கொண்டு கடைவீதி வழியாக நான்கு பேரும் கம்பீரமாக நடந்தார்கள். மேலே உட்கார்ந்திருந்த செல்லதுரைக்கு நாற்காலியின் கை உள்ளங்கையில் முள்ளாகக் குத்தியது. முப்பிடாதி பின்னால் நடந்து வந்தாள். ஒவ்வொரு முக்கிலும் தொண்டையைச் செருமினாள். அதுதான் இன்னும் பயம்.

கூடம் தரைத்தளத்தில், படி இல்லாமல் இருந்தது. வாசலில் ஷபானா. "கூட வந்தவங்க எல்லாரும் பின்வரிசை," என்றாள். சேவியர் தன்னைச் சொல்லவில்லை என்று நினைத்து முன்வரிசையில் உட்கார, அவரை எழுப்பிப் பின்னால் அனுப்ப மூன்று பேர் வேண்டியிருந்தது.

கவுன்சிலர் மெஹருன்னிசா ஐம்பது வயதுக்காரர். மேடையில் ஏறவில்லை, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து எல்லோருக்கும் எதிரே போட்டுக்கொண்டார்.

முதலில் அப்பளக்கார அனந்தலக்ஷ்மி. அவளுக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. கைகளால் சொன்னாள், பக்கத்தில் நின்ற பெண் அதைக் குரலில் சொன்னாள். ரேஷன் கடையில் எண்ணைக் கூப்பிடுகிறார்கள், எனக்குக் கேட்பதில்லை, என் முறை போய்விடுகிறது, எண் தெரிகிற பலகை வையுங்கள். அவளுடைய அண்ணன் பின்வரிசையிலிருந்து எழுந்து, "அது வேண்டாம், நானே வாங்கிக் கொடுக்கிறேன்" என்றான். அனந்தலக்ஷ்மி திரும்பி அவனைப் பார்த்து ஒரு கை அசைவு அசைத்தாள். குரல் கொடுத்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "அதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல," என்றாள். கூடமே புரிந்துகொண்டது. பலகை எழுதப்பட்டது.

"செல்லதுரை," என்று ஷபானா வாசித்தாள். "எல்லாக் கட்டத்துலயும் தேவையில்லைன்னு இருக்கு."

"அதே," என்று பின்னாலிருந்து சேவியர் எழுந்தார். "மேடம், ரெண்டு வாக்கு ஞான்..."

"சேட்டன் இருங்க," என்றார் மெஹருன்னிசா. "நான் அவரத்தான் கேக்கறேன். அவருக்கு வாய் இருக்குல்ல?"

செல்லதுரையிடம் மைக்கைக் கொடுத்தார்கள். இருபத்தாறு வருஷம் நூறு கிலோ மூட்டை தூக்கியவர், அரைக்கிலோ மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இவனுவ நாலு பேரும்," என்று தொடங்கினார், "என் கூடப் பொறந்த பொறப்புக்கு மேல. எட்டு வருசம். ஒரு நாளு விட்டதில்ல." கூடம் கை தட்டியது. பின்வரிசையில் மீசை விரிந்தது. "அதனால எனக்கு..." என்றார்.

'ஒன்றும் வேண்டாம்' என்ற சொல் நாக்கின் நுனிக்கு வந்துவிட்டது. சுவரோரமாக முப்பிடாதி நின்றாள். முகத்தைப் பார்க்கவில்லை அவர், சேலையைத்தான் பார்த்தார். நீல ஓரம் வைத்த மஞ்சள் சேலை, அப்போதுதான் கவனித்தார். புதுசு. எடுக்க மாட்டேன் என்றவள் எடுத்துக் கட்டியே வந்திருந்தாள்.

"அதனால எனக்கு ஒண்ணு சொல்லணும்," என்றார் செல்லதுரை. "சுமட்டுல ஒரு வழக்கம் உண்டு. மூட்டகிட்ட யாரும் எங்க வெக்கட்டும்னு கேக்க மாட்டோம். நானும் கேட்டதில்ல. எட்டு வருசமா நாந்தான் மூட்ட. நாலரைக்குத் தூக்குவாவ, ஏழுக்கு எறக்குவாவ. அஞ்சு மணிக்கு எனக்கு வீட்டுக்குப் போவணும்னு தோணுனா? காலைல பத்து மணிக்குச் சும்மா காயல் பாக்கணும்னு தோணுனா? ஒண்ணுக்குப் போறதுக்கே சங்கத்தக் கூட்டித் தீர்மானம் போட வேண்டியிருக்கு மேடம்."

சிரிப்பு எழுந்தது. மீசையும் சிரித்தது. அந்தச் சிரிப்பின்மேல் ஏறி நின்றுகொண்டு செல்லதுரை மிளகுக் கிடங்கைச் சொல்லிவிட்டார். பன்னிரண்டு மணி, ஷட்டர், நானூற்றுப் பதினொன்று, நைனா முகம்மதுவின் வேட்டி, எல்லாம்.

தும்மல் எண்ணிக்கைவரை சிரித்தார்கள். வேட்டிக்கு வந்ததும் சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

"அவனுவ மேல குத்தமில்ல," என்றார் செல்லதுரை. "லாரி வந்தா ஓடத்தான் செய்யணும். நானும் ஓடியிருக்கேன். எனக்குச் சக்கரம் இருக்கு மேடம். அது உருளுறதுக்கு எடம் வேணும். சரிவு வேணும். சிலாப்பு ஆடக்கூடாது. என் வீட்டுலேருந்து ஜெட்டி வரைக்கும். அவ்வளவுதான்."

ஷபானா கட்டங்களில் போட்டிருந்த குறியை ஒவ்வொன்றாக அடித்துத் திருத்தினாள். "ஆட்சேபணை உண்டா?" என்று மெஹருன்னிசா கேட்டார். எல்லோரும் பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். சேவியரின் இடம் காலியாக இருந்தது.

இடவழி பட்டியலில் ஏறிவிட்டது. சபை கலைந்தது. மின்விசிறிகளை நிறுத்தினார்கள். செல்லதுரை டச்சு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முன்கழிக்கு ஆள் இல்லை. இசக்கிமுத்து தரையைப் பார்த்து நின்றான்.

"போயிட்டான்ல," என்றார் செல்லதுரை.

"இவனுவளுக்கு மொளகப் பத்திச் சொன்னா கண்ணு எரியத்தான் செய்யும்," என்றாள் முப்பிடாதி. ஆனால் அவளும் வாசலைப் பார்த்தபடிதான் சொன்னாள்.

அரை மணி போயிருக்கும். வாசலில் வெளிச்சம் மறைந்தது. சேவியர். தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் சக்கர நாற்காலி. சக்கரங்கள் இரண்டும் காதுக்கு இரண்டு பக்கமும் சுழன்றுகொண்டிருந்தன. நாற்காலியின் கையில் முப்பிடாதியின் பச்சை ஜாக்கெட் கொடி மாதிரி பறந்தது. கடைவீதி முழுக்க அப்படியேதான் வந்திருக்கிறார். முப்பிடாதி பாய்ந்து ஜாக்கெட்டை உருவினாள்.

சேவியர் நாற்காலியை இறக்கினார். செல்லதுரையைத் தூக்கி அதில் உட்காரவைத்தார். அவர் கண் மிளகு பட்டது மாதிரிதான் இருந்தது.

"அன்னு உன் போன் என் சட்டக் கீசையில இருந்தது," என்றார். "அது மூணு தவண அடிச்சது. முப்பிடாதியாக்கும்னு ஞான் எடுக்கல."

"முப்பிடாதிதான். எங்க இருக்கீருன்னு கேக்கக் கூப்பிட்டேன்," என்றாள் அவள்.

சேவியர் சும்மாட்டைப் பிரித்து முகத்தைத் துடைத்தார். பிறகு நாற்காலியின் பின்னால் போய் நின்று, எட்டு வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்டார்:

"எங்கோட்டாடா? எங்க போவணும் உனக்கு?"

கேட்டது தன்னைத்தானா என்று செல்லதுரை திரும்பிப் பார்த்தார். பழக்கமில்லை.

வேலை மழைக்குப் பிறகு தொடங்கியது. ஓவர்சியர் நாடாவோடு வந்தார். மூன்று படிக்கும் சேர்த்து ஒன்றரை அடி உயரம். ஓர் அடி ஏற பன்னிரண்டு அடி ஓட வேண்டும். ஆக பதினெட்டு அடிச் சரிவு என்றார். சேவியருக்கு அது மானப் பிரச்சினை ஆகிவிட்டது.

"பதினெட்டு அடியா? சாரே, ஞங்ஙள் லாரியில சாத்துற பலகை ஆறடி. அதுல நூறு கிலோவோட ஓடி ஏறுவோம்."

"நீங்க ஏறுவீங்க. அவரு தன் கையால ஏறணும்."

சேவியர் நம்பவில்லை. ஆறடிப் பலகையை வரவழைத்துப் படியில் சாத்தி, தானே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் உருட்டினார். ஏறியது. பாதியில் மூச்சு வாங்கக் கையை எடுத்தார். நாற்காலி வந்த வழியே பறந்து, இடவழியைத் தாண்டி, விசாலாக்ஷியின் துணி துவைக்கும் கல்லில் மோதி நின்றது. விசாலாக்ஷி நனைந்த போர்வையோடு நிமிர்ந்து பார்த்தாள்.

"பதினெட்டு அடி," என்றார் சேவியர் எழுந்துகொண்டே. "குறையண்டா."

பதினெட்டு அடி நேராகப் போக இடமில்லை. ஒன்பது அடி போய்த் திரும்பி ஒன்பது அடி. அதற்குத் துவைகல்லை நகர்த்த வேண்டும். கைப்பிடிக் கம்பியில் துணி உலர்த்திக்கொள்ளலாம் என்ற ஒப்பந்தத்தில் விசாலாக்ஷி சம்மதித்தாள். அந்தக் கல்லையும், புதுச் சிலாப்புகள் பதினொன்றையும் சுமட்டுக் கூட்டம்தான் தூக்கி வைத்தது. காண்டிராக்டரின் ஆட்களைப் பக்கத்தில் விடவில்லை. ஒவ்வொரு சிலாப்பையும் வைத்துவிட்டு நான்கு பேரும் அதன்மேல் ஏறிக் குதித்தார்கள். ஆடவில்லை.

அன்று யூசுப் கடையில் பேச்சு பழைய காலத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் வேறு ஆட்கள் சரக்கை இறக்கினாலும், சங்கத்துக்காரர்கள் கையைக் கட்டி நின்று பார்த்ததற்கே கூலி வாங்குவார்கள். நோக்குகூலி. சர்க்கார் தடை போட்ட பிறகு அந்தச் சொல்லையே யாரும் வாயில் எடுப்பதில்லை. "சேவியர் நின்னு நோக்குனா மூட்டைக்கே வெக்கம் வந்து தானா எறங்கிரும்," என்றார் யூசுப். சேவியர் காது கேட்காதவர் மாதிரி சாயாவை ஊதினார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வெயில் மஞ்சளாக, காயல் எண்ணெய் தேய்த்தது மாதிரி. முப்பிடாதி மஞ்சள் சேலையில். செல்லதுரை சவரம் செய்து, பவுடர் போட்டு, இடவழியே வெளிச்சமாகிற மாதிரி வாசலுக்கு வந்தார்.

நான்கு பேரும் அங்கே நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. மூங்கில் கழியும் இல்லை.

செல்லதுரை சக்கரத்தைத் தள்ளினார். ஒன்பது அடி. கம்பியில் தொங்கிய விசாலாக்ஷியின் சேலையைக் கையால் விலக்கினார். திரும்பினார். ஒன்பது அடி. சக்கரம் சிலாப்பில் இறங்கி ஒன்று, இரண்டு, மூன்று என்று சத்தமில்லாமல் ஓடியது. சேவியரின் இரண்டு கைகளும் நாற்காலிக்கு ஒரு சாண் பின்னால் காற்றைப் பிடித்துக்கொண்டே வந்தன. இசக்கிமுத்து அந்தக் கைகளைத் தட்டிவிட்டான். அவை திரும்பவும் வந்தன.

இடவழி முனையில் இரண்டு படிக்குப் பதிலாகக் கட்டிய சரிவில் செல்லதுரை மெதுவாக ஏறினார். தோள் நரம்பு புடைத்தது. மூட்டை தூக்கிய தோள். பாதியில் கையை மாற்றிப் பிடித்தார். நாற்காலி நின்ற இடத்தில் நின்றது. நான்கு பேரும் ஓரடி முன்னால் பாய்ந்து நின்றார்கள். பிறகு ஒரே தள்ளு. சாலை.

செல்லதுரை திரும்பிப் பார்த்தார். ஆறடி ஆட்கள் நான்கு பேர், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பள்ளிக்கூட வாசலில் விடப்பட்ட பிள்ளைகள் மாதிரி நின்றார்கள்.

"என்ன நோட்டம்?" என்றார் செல்லதுரை. "நோக்குகூலி வேணுமோ?"

பிறகு சேவியரின் மீசை ஒரு பக்கம் ஆடியது, மறுபக்கம் ஆடியது. அவர் சிரித்த சிரிப்பில் கிடங்குக் கூரையிலிருந்த புறாக்கள் அத்தனையும் எழும்பி காயலைத் தாண்டிப் போய்விட்டன. "தரணும்," என்றார். "எட்டு வருஷத்துக்கும் சேத்துத் தரணும்."

"யூசுப்பு, இவனுவளுக்கு நாலு சாயா, நாலு சுகியன். நல்லா சூடா குடும்," என்று செல்லதுரை சாயாக்கடைப் பக்கம் குரல் கொடுத்தார்.

ஜெட்டியில் படகு வந்து நின்றது. யூசுப் சொன்னது பொய்யில்லை. தளமும் படகும் ஒரே மட்டம். செல்லதுரை உருட்டினார். உள்ளே போய்விட்டார். ஒருவர் கை வைக்கவில்லை. முப்பிடாதி பக்கத்தில் உட்கார்ந்து, சேலை மடிப்பைச் சரிசெய்து, முப்பத்தொரு வருஷமாக அந்த இடம் தனக்கென்று எழுதிவைத்தது மாதிரி கண்ணாடிக்கு வெளியே பார்த்தாள்.

படகு நகரத் தொடங்கியதும் கரையில் ஓட்டம் கேட்டது. சேவியர், கையில் பாதிச் சுகியன்.

"எடா துரே, எப்பம் திரிச்சு வரும்? எத்தன மணிக்கு வந்து நிக்கணும்?"

செல்லதுரை முப்பிடாதியைப் பார்த்தார். அவள் தண்ணீரைப் பார்த்தாள்.

"தெரியாது," என்று கத்தினார் செல்லதுரை.

அதைச் சொல்வது இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது. படகு கொஞ்ச தூரம் போன பிறகு, யாரும் கேட்காமலே, இன்னொரு தடவை சொல்லிக்கொண்டார்.